புதுப்பிப்பு: அம்மாவோடு மலை ஏரிக்கரைக்குப் போய் வந்தாச்சு

70 வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரிக்கரை விடுதிக் குடியிருப்புக்குக் கூட்டிப்போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 5 நாள் தங்கிவிட்டு நல்லபடியாகத் திரும்பிவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதல் நாள் எங்கேயும் ஏறாதீங்க, தண்ணி நிறைய குடிங்க" என்று சொன்னீர்கள். அப்படியே செய்தோம். அம்மாவுக்கு முதல் ராத்திரி லேசாகத் தலை வலித்தது, காலையில் சரியாகிவிட்டது.

ஏரியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. பெரியவன் நம்பி இறங்கினான். நெஞ்சளவு போனதும் கீழ்த்தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்க, அவனுக்குப் பேச்சே வரவில்லை, மூச்சு இரைத்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிடித்து இழுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள்.

வெயிலும் அப்படித்தான். குளிர் அடிக்கிறதே என்று அசட்டையாக இருந்தோம், சின்னவளுக்கு மூக்கு தோலுரிந்துவிட்டது. உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரும் கூடும். சமையலுக்கும் நேரம் பிடித்தது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, சூடு குறைவு என்பதால் வேக நேரமாகிறது.

கடைசி நாள் விடியற்காலையில் அம்மா தனியாகப் படகுத்துறைக்குப் போய், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தண்ணீரிலிருந்து எழும்பும் பனிமூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமாடா?" என்று கேட்டார். அடுத்த வருஷத்துக்கு ஒரு வாரம் பதிவு செய்துவிட்டேன்.