ஆதாம் செய்த பாவத்துக்கு இன்று பிறக்கும் பிள்ளை ஏன் பொறுப்பு?

தேக்கா_வாசகி

கிறிஸ்தவ போதனை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. வம்பு வளர்க்கக் கேட்கவில்லை.

ஆதாம் பழத்தைத் தின்றதற்கு இன்று காலை பிறந்த பிள்ளை எப்படிப் பாவி ஆகும்? சாங்கி சிறையில் தூக்குக்கு முந்தின வாரம் மனந்திரும்பிய கொலையாளிக்குப் பரலோகம், சிராங்கூன் ரோட்டில் பூக்கட்டிப் பிழைத்து, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் அம்மனைக் கும்பிட்டே கண்ணை மூடிய பாட்டிக்கு நரகமா? வினைக்கொள்கையில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அவரவர் செய்தது அவரவருக்கு என்ற கணக்கு அதில் இருக்கிறது. இங்கே கணக்கே பிடிபடவில்லை.

"தேவனுடைய வழிகள் நமக்கு எட்டாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

ஓஃபிர்ரோடு_மணி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிள்ளை ஆதாமின் *குற்றத்தைச்* சுமக்கிறது என்று திருச்சபை இப்போது போதிப்பதில்லை. திருச்சபையின் அதிகாரபூர்வ போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டில் 404, 405 எண்களைப் பாருங்கள். பிறப்புநிலைப் பாவம் என்பது செய்த பாவம் அல்ல, வந்து சேர்ந்த ஒரு நிலை. ஆதாமின் வழிவந்த யாருக்கும் அது சொந்தக் குற்றம் ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

குழப்பத்தின் வேர் ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அகுஸ்தினாரிடம் இருக்கிறது. ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்ற பெலாஜியுசோடு நடந்த வாதத்தில், திருமுழுக்கு பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்ற அளவுக்கு அவர் போனார். 418ல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸ் தரப்பை நிராகரித்தது. பிறகு இடைக்காலத்தில் அந்தக் கடுமையைத் தணிக்கத்தான் லிம்போ (பரலோகமும் இல்லாத, வேதனையும் இல்லாத ஒரு நிலை) என்ற கருத்தே வந்தது. அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடு ஆகவில்லை. 2007ல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் அக்குழந்தைகளின் மீட்பை நம்பக் காரணம் உண்டு என்று ஆவணமே வெளியிட்டது. கிழக்குத் திருச்சபைகளோ ஆதியிலிருந்தே, ஆதாமிடமிருந்து வந்தது சாவும் பலவீனமும்தான், குற்றம் அல்ல என்கின்றன.

பாட்டி விஷயம்: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'திருச்சபை' ஏடு (1964), எண் 16. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி நடந்தால் மீட்பு அடையலாம். ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்கைப் பார்த்ததெல்லாம் "அறிந்தது" ஆகாது.

வெஸ்லி_தாசன்

சகோதரி, நம் சபைகளில் ஒரே பதில் கிடையாது. எந்தச் சபை என்று கேட்காமல் பதில் தேடினால் தலைசுற்றும்.

பிரெஸ்பிடேரியன் சபைகளின் வேர் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினில். 1640களில் எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 10ஆம் அதிகாரம், 3ஆம் பிரிவு: குழந்தையாகவே மரிக்கிறவர்களில் "தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்", அதாவது தேவன் முன்னமே தேர்ந்தெடுத்தவர்கள், இரட்சிக்கப்படுவார்கள். மற்றக் குழந்தைகள்? அறிக்கை சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியை ஆளுக்கொரு விதமாக நிரப்பினார்கள். மெத்தடிஸ்ட் வழியில் கிறிஸ்துவின் கிருபை எல்லா மனுஷனையும் முந்திக்கொண்டு சந்திக்கிறது. ஆதாமின் குற்றத்துக்காக மட்டும் ஒருவரும் நரகம் போவதில்லை என்பது மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் நிலை. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறிப்பு உபதேசத்தை எதிர்த்து 1739ல் அவர் பிரசங்கித்ததால்தான் சக ஊழியர் விட்ஃபீல்டோடு பிளவே வந்தது.

பாட்டிக்கு லூக்கா 12:47, 48 வாசியுங்கள். எஜமான் சித்தத்தை அறிந்து செய்யாதவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி. நியாயப்பிரமாணம் இல்லாதவர்க்கும் மனச்சாட்சி உண்டு என்கிற ரோமர் 2:14, 15ம் அந்தப் பக்கம்தான். ஆனால் இங்கே பெரும்பாலான சுவிசேஷ, பெந்தெகொஸ்தே மேடைகளில் இயேசுவின் நாமமே அல்லாமல் வேறு நாமத்தில் இரட்சிப்பு இல்லை என்ற அப்போஸ்தலர் 4:12ஓடு பேச்சு முடிந்துவிடும்.

விசுவாசி_ஜூரோங்

தேவனிடத்தில் நியாயம் கேட்பதே பாவம். "மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" என்கிறது ரோமர் 9:20.

வெஸ்லி_தாசன்

அப்படியானால் ஆபிரகாமும் பாவி. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆதியாகமம் 18:25ல் நேருக்கு நேர் கேட்டவர் அவர். யோபு புத்தகம் முழுக்கவே கேள்விதான்.

கேள்விக்குறி_ஈசூன்

குழந்தையும் பாட்டியும் ஓரளவு தீர்ந்தார்கள். நடுவில் இருப்பது தீரவில்லை.

இங்கே கோர்ட்டில் விதிக்கிற அபராதத்தை அண்ணன் கட்டலாம்; பிரம்படியைத் தம்பிக்குப் பதில் அண்ணன் வாங்க முடியாது. இறையியலாளர் அன்செல்ம் 1098 வாக்கில் சொன்னது முதல் வகை: கடவுளின் மாண்புக்கு மனிதன் பட்ட கடன், அதைக் கிறிஸ்து ஈடுசெய்கிறார். சீர்திருத்தவாதிகள் சொன்னது இரண்டாம் வகை: நமக்குரிய *தண்டனையையே* அவர் வாங்கினார். நியாயம் இடறுவது இந்த இரண்டாவதில். "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. அங்கே மகன் தகப்பன் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை, தகப்பனும் மகனுடையதைச் சுமப்பதில்லை.

இதற்குக் கால்வின் மரபின் பதில் பலமானதுதான்: ஆதாம் நம் எல்லாருக்கும் பிரதிநிதி, கிறிஸ்துவும் பிரதிநிதி, ரோமர் 5:18, 19. ஆதாமால் வந்ததை அநியாயம் என்று தள்ளினால், கிறிஸ்துவால் வருவதையும் தள்ள வேண்டும். சரி, ஆனால் நான் யாருக்கும் வாக்குப் போட்டுப் பிரதிநிதி ஆக்கவில்லையே?

கொலையாளி விஷயத்தில் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன நியாயம் என்பதை இதுவரை யாரும் தொடவில்லை.

ஓஃபிர்ரோடு_மணி

ஏற்கெனவே திருமுழுக்கு பெற்ற கொலையாளி என்றால், பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதில்) மன்னிப்புக் கிடைத்தாலும் செய்த கேட்டைச் சரிசெய்யும் கடமை போகாது. திருடியதைத் திருப்பித் தரணும், கெடுத்த பேரைச் சீராக்கணும் (மறைக்கல்வி ஏடு, எண் 1459). மீதிக்கு உத்தரிக்கும் ஸ்தலம், அதாவது பரலோகத்துக்கு முன் ஆன்மா தூய்மையாகும் நிலை. ஆனால் அந்தக் கடைசி வாரத்தில்தான் திருமுழுக்கு பெறுகிறான் என்றால் 1263ன்படி பாவமும் அதற்குரிய தண்டனையும் முழுக்கத் தீரும். ஓட்டை அங்கே நிஜமாகவே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் இதைப் பார்த்தே பலர் திருமுழுக்கைத் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசரே 337ல் மரணப் படுக்கையில்தான் பெற்றார். நசியான்சு கிரகோரி போன்ற ஆயர்கள் அந்தப் பழக்கத்தைக் கண்டித்துப் பிரசங்கித்திருக்கிறார்கள்.

தேக்கா_வாசகி

நன்றி, அண்ணே, சகோதரரே. திருமுழுக்கு வகுப்பு நடத்துகிறவரிடம் என்ன கேட்டால் சுற்றிவளைக்காத பதில் வரும்?

வெஸ்லி_தாசன்

"இரட்சிப்பு நியாயமா" என்று கேட்காதீர்கள், பிரசங்கம்தான் கிடைக்கும். ஆதாமிடமிருந்து எனக்கு வருவது குற்றமா, நிலையா? கேள்விப்படாமலே இறந்தவர் பற்றி *உங்கள் சபையின்* விசுவாச அறிக்கை எந்தப் பிரிவில் என்ன சொல்கிறது? சிலுவையில் தீர்ந்தது கடனா, தண்டனையா? ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதலாவதற்கு "குற்றம்" என்றால் உடனே குழந்தைகளைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்விக்குறி_ஈசூன்

கூடவே, மன்னிக்கிற உரிமை அடிபட்டவனுக்கா கடவுளுக்கா என்றும் கேளுங்க. அதற்கு என்ன சொன்னார் என்று மறக்காமல் இங்கே போடுங்க.