கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் ஸ்டாட்டிஸ்டிக்கல் புரோகிராமிங்கில் எங்கே இடறுகிறார்?

புதுவரவு
பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். பைத்தான், எஸ்க்யூஎல் நன்றாக வரும். மருந்துப் பரிசோதனைத் தரவில் வேலை செய்யும் ஸ்டாட்டிஸ்டிக்கல் புரோகிராமர் வேலைக்கு முயற்சி செய்கிறேன். ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்கள், புதிதாக வருகிறவர்கள் எங்கே தவறுவதைப் பார்க்கிறீர்கள்? சுயசரிதை வேண்டாம், நேராக விஷயத்தைச் சொல்லுங்கள்.

லாக் வாசகர்
தம்பி, இந்த வேலையில் புழங்கும் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் இலக்கணம் உங்களுக்கு மூன்று வாரத்தில் வந்துவிடும், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது எரர் எதுவும் காட்டாமல் தப்பான விடை தரும் இடங்களைப் பார்த்துத்தான்.

முதல் இடம், விடுபட்ட மதிப்பு. சாஸில் விடுபட்ட எண் எல்லா எண்களையும்விடச் சிறியது, மைனஸ் எண்ணைவிடவும் சிறியது. ‘வயது 18-க்குக் கீழ்’ என்று ஒரு இஃப் எழுதினால் வயதே பதிவாகாதவரும் குழந்தைகள் பட்டியலில் வந்து உட்காருவார். எஸ்க்யூஎல் பழக்கத்தில் ‘நல் என்றால் தானாகவே கழிந்துவிடும்’ என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இரண்டாவது, எழுத்து மாறியின் நீளம். கம்பைல் ஆகும்போது அந்த மாறி முதலில் எங்கே தென்படுகிறதோ அங்கேயே நீளம் முடிவாகிவிடும். ஆங்கிலத்தில் ‘மேல்’ நாலு எழுத்து, ‘ஃபீமேல்’ ஆறு. முதல் வரியில் ‘மேல்’ வந்துவிட்டால் பெண்கள் அத்தனை பேரும் கடைசி இரண்டு எழுத்தை இழந்து நிற்பார்கள். லாக் (நிரல் ஓடும்போது சாஸ் எழுதும் பதிவு) ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் லெங்த் ஸ்டேட்மென்டை முதலிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, மெர்ஜ், அதாவது இரண்டு கோப்புகளை இணைப்பது. ஒரே நோயாளிக்கு ஒரு பக்கம் 3 வரி, இன்னொரு பக்கம் 2 வரி. எஸ்க்யூஎல் ஜாயின் 6 வரி தரும். டேட்டா ஸ்டெப் மெர்ஜ் 3 வரிதான் தரும், குறைவாக உள்ள பக்கத்தின் கடைசி வரியை இழுத்துப் போட்டு நிரப்பிவிடும். இரண்டு பக்கமும் பை மதிப்பு (இணைக்கப் பயன்படும் மாறியின் மதிப்பு) திரும்பத் திரும்ப வருகிறது என்று லாகில் நீல நிறத்தில் ஒரு நோட் வரும், அவ்வளவுதான். சிவப்பை மட்டும் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அந்த நோட், மாறிக்கு மதிப்பே தரப்படவில்லை என்கிற ‘அன்இனிஷியலைஸ்ட்’ நோட், எண்ணை எழுத்தாக மாற்றினேன் என்கிற நோட், இந்த மூன்றையும் எரர் மாதிரியே நடத்துங்கள். லாக் முழுக்க இவற்றைத் தேடிப் பிடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் பைத்தானில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பு முதல் நாளே உதவுகிற இடம் அது.

பூஜ்ஜிய நாள்
மொழியைவிடத் தரவு வடிவ விதிகளுக்குத்தான் நேரம் பிடிக்கும். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வுகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வுக்கு அனுமதி கேட்டுப் போகும்போது தரவு சிடிஸ்க் என்ற அமைப்பு வகுத்த வடிவில் இருந்தே ஆக வேண்டும். அதில் எஸ்டிடிஎம் என்பது சேகரித்த தரவு, ஆடம் என்பது பகுப்பாய்வுக்காகத் தயார் செய்த தரவு. கோப்பு எக்ஸ்பிடி வடிவத்தில் போகும். மாறியின் பெயர் 8 எழுத்துக்குள், லேபிள் 40-க்குள், எழுத்து மதிப்பு 200-க்குள் அடங்க வேண்டும். நீளமாகவும் அழகாகவும் பெயர் வைக்கச் சொல்லிக் கொடுத்த கல்லூரிப் பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நாள் கணக்கில் கவனம். ஆய்வு நாள் என்பதில் பூஜ்ஜியம் கிடையாது. முதல் டோஸ் 2024 மார்ச் 10 என்றால் அன்று நாள் 1, மார்ச் 9 நாள் -1. வெறுமனே கழித்தால் முதல் டோஸுக்குப் பிந்தைய நாள் எல்லாம் ஒன்று குறையும். அதற்காக எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டினால் முந்தைய நாள்கள் கெடும். தேதி முதல் டோஸ் நாளோ அதற்குப் பிந்தியதோ என்றால் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும்.

அரைகுறைத் தேதிதான் உண்மையான தலைவலி. நோயாளி ‘மார்ச்சில் ஆரம்பித்தது’ என்று மட்டும் சொல்லியிருப்பார். எஸ்டிடிஎம்மில் அது 2024-03 என்று அப்படியே எழுத்தாக நிற்க வேண்டும், அங்கே கை வைக்கவே கூடாது. நிரப்புவது ஆடமில், அதுவும் பகுப்பாய்வுத் திட்டத்தில் எழுதியுள்ள விதிப்படி. மருந்து தொடங்கிய அதே மாதம் என்றால் டோஸ் தேதியையே வைப்பது பரவலான விதி. மாத முதல் தேதி என்று நீங்களாகப் போட்டுவிட்டால் மருந்துக்குப் பின் வந்த பக்கவிளைவு மருந்துக்கு முன் வந்ததாக மாறி அட்டவணையிலிருந்தே காணாமல் போகும். நிரப்பிய தேதிக்குப் பக்கத்தில், நிரப்பினோம் என்று சொல்லும் கொடி மாறியும் இருக்க வேண்டும்.

இரண்டாம் கண்
புதியவர்களுக்கு முதலில் கையில் வருவது பெரும்பாலும் வேலிடேஷன். ஒருவர் எழுதிய அட்டவணையை இன்னொருவர் அவர் நிரலைப் பார்க்காமல், விவரக்குறிப்பை மட்டும் வைத்துத் திரும்ப எழுதி, சாஸின் ஒப்பீட்டுக் கருவியான ப்ராக் கம்பேரில் ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும், ‘ஃபங்ஷனை எடுத்து மறுபடி பயன்படுத்தலாமே’ என்பார்கள். எடுத்தால் அவர் தப்பும் சேர்ந்தே வரும், ஒப்பீடு பச்சைக்கொடி காட்டும்.

கம்பேர் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள். ஒரு பக்கம் 254 வரி, இன்னொரு பக்கம் 250 வரி இருந்தாலும் பொருந்திய வரிகள் ஒத்துப்போனால் ‘சமமற்ற மதிப்புகள் எதுவும் இல்லை’ என்றே முடியும். மேலே உள்ள வரி எண்ணிக்கை, மாறி எண்ணிக்கை இரண்டையும் பாருங்கள். எந்த வரிக்கு எது இணை என்று சொல்லும் ஐடி ஸ்டேட்மென்டும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நடுவில் ஒரு வரி கூடினாலும் அதற்குக் கீழே எல்லாமே பொருந்தாததாகக் காட்டும்.

தசமப் பிரச்சினைக்கு ஒரு நிஜமான கணக்கு. பிலிருபின் 3.6, ஆய்வகத்தின் மேல் வரம்பு 1.2. பக்கவிளைவின் தீவிரத்தைத் தரம் பிரிக்கும் சிடிசிஏஇ அளவுகோலில் வரம்பின் 3 மடங்குக்கு மேல் போனால்தான் கிரேடு 3. சரியாக 3 மடங்கு என்றால் கிரேடு 2. ஆனால் கணினியில் 3 × 1.2 என்பது 3.5999999999999996. எனவே 3.6 அதைவிடப் பெரியதாகி நோயாளி கிரேடு 3-க்குப் போய்விடுவார். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் எட்டு, ஒன்பது தசமத்துக்கு ரவுண்ட் செய்யுங்கள். மிதவைப்புள்ளி எண்ணைப் பரீட்சைக்குப் படித்தவர்கள்கூட இங்கே அதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பக்கவிளைவு அட்டவணையில் ஒருவருக்கு மூன்று முறை தலைவலி வந்தாலும் ஆள் கணக்கு 1, நிகழ்வுக் கணக்கு 3. வகுக்கும் எண்ணை ஆளுக்கு ஒரு வரி உள்ள ஆடம் கோப்பான ஏடிஎஸ்எல்-லிருந்து எடுக்க வேண்டும், பக்கவிளைவுக் கோப்பான ஏடிஏஇ-யிலிருந்து கூடாது. ஒரு பிரிவில் மருந்து எடுத்தவர் 80 பேர், தலைவலி 12 பேருக்கு என்றால் 15%. பக்கவிளைவு ஏதாவது வந்த 60 பேரால் வகுத்தால் 20%. இரண்டும் நம்பும்படியான எண்தான், அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

புதுவரவு
நன்றி. சாஸுக்குப் பதில் ஆர் மொழி கற்றால் போதுமா?

டைப் 2
எஃப்டிஏ எந்த மென்பொருளையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆரில் செய்த சோதனைச் சமர்ப்பிப்பு ஒன்று 2021-இலேயே அங்கே போயிருக்கிறது. ஆடம் தயாரிக்க அட்மிரல் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் வேலை விளம்பரங்களில் சாஸ்தான் முதலில் கேட்கிறார்கள், பழைய ஆய்வுகளின் நிரல்களும் அதில்தான் இருக்கின்றன. இரண்டையும் கற்றுக்கொண்டு, எங்கே முரண்படும் என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் மதிப்பு.

அரையை முழுதாக்குவதில் சாஸின் ரவுண்ட் 2.5-ஐ 3 ஆக்கும், ஆர் இரட்டை எண்ணை நோக்கிப் போய் 2 ஆக்கும். கால்மானத்தில் 1, 2, 3, 4 என்ற நான்கு எண்ணுக்கு முதல் கால்மானம் சாஸில் 1.5, ஆரில் 1.75. இயல்பு முறைகளே வேறு. ஆரில் டைப் 2 என்று கொடுத்தால் ஒத்துப்போகும். தேதிக்கு சாஸின் தொடக்கம் 1960 ஜனவரி 1, ஆரின் தொடக்கம் 1970 ஜனவரி 1. வெறும் எண்ணாக ஏற்றிவிட்டால் 3,653 நாள் தள்ளிப் போகும். மேலே லாக் வாசகர் சொன்ன ‘18-க்குக் கீழ்’ நிபந்தனையை ஆரின் டிப்ளயர் தொகுப்பில் உள்ள ஃபில்டரில் எழுதினால் வயதில்லாதவர் கழிந்துவிடுவார், சாஸில் உள்ளே வருவார். ஒரே வாக்கியம், வேறு வேறு எண்ணிக்கை.

பூஜ்ஜிய நாள்
பழக நிஜமான தரவு வேண்டும் என்றால் சிடிஸ்க் பொதுவில் வைத்திருக்கும் பைலட் ஆய்வை எடுங்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு ஸனோமெலின் கொடுத்துப் பார்த்த ஆய்வு. எழுத சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடமிக்ஸ் இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.

ஆளுக்கு ஒரு வரி உள்ள எஸ்டிடிஎம் கோப்பான டிஎம்மில் 306 வரி இருக்கும். அதை அப்படியே ஆய்வில் சேர்ந்தவர் எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். 52 பேர் தகுதிச் சோதனையிலேயே கழிந்தவர்கள். பிரிவுகளில் சேர்ந்தது 254 பேர்: போலி மருந்துப் பிரிவில் 86, குறைந்த அளவில் 84, கூடிய அளவில் 84. முதலில் மாறிகளை விளக்கும் டிஃபைன் கோப்பைப் படியுங்கள், பிறகு ஏடிஎஸ்எல்-ஐ நீங்களே எழுதி அவர்கள் தந்திருப்பதோடு கம்பேர் போடுங்கள். பொருந்தாத ஒவ்வொரு மாறிக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் அந்தக் காகிதம் சான்றிதழைவிட அதிகம் பேசும் என்பது என் கருத்து. அடுத்து மக்கள்தொகை அட்டவணை, பிறகு பக்கவிளைவு அட்டவணை. சாஸில் வரிகளை வடிகட்டும் ‘வேர்’, ‘இஃப்’ ஸ்டேட்மென்ட்களின் வித்தியாசத்தைக் கட்டாயம் கேட்பார்கள். வேர் தரவு உள்ளே வரும் முன்பே வடிகட்டும், எனவே அதே ஸ்டெப்பில் புதிதாக உருவாக்கிய மாறியை அதில் பயன்படுத்த முடியாது.

புதுவரவு
புள்ளியியல் எவ்வளவு தெரிய வேண்டும்?

இரண்டாம் கண்
திட்டத்தை எழுதுவது புள்ளியியலாளர், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு உங்களுக்குத் தெரிந்தால் போதும். சராசரி, திட்டவிலக்கம், நம்பக இடைவெளி, நிகழ்வு வரை ஆகும் காலத்தை வளைவாகக் காட்டும் கேப்லன்-மேயர், கோவேரியன்ஸ் பகுப்பாய்வு, அப்புறம் திரும்பத் திரும்ப அளந்த தரவுக்கான கலப்பு மாதிரி. கேப்லன்-மேயரில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடம் வழக்கத்தில் சென்சார் மாறி 0 என்றால் நிகழ்வு நடந்தது, 1 என்றால் நிகழ்வு நடக்காமலே கண்காணிப்பு முடிந்தது. ஆரின் சர்வைவல் தொகுப்பு 1 என்பதையே நிகழ்வாக எடுத்துக்கொள்ளும். மாற்றாமல் கொடுத்தாலும் வளைவு படிப்படியாக இறங்கி அழகாகவே வரும். வரைந்ததும் நிகழ்வு எண்ணிக்கையைத் தனியாக, சாஸில் எண்ணிக்கை காட்டும் ப்ராக் ஃப்ரீக் போட்டு எண்ணிப் பாருங்கள்.