மிதப்புச் சட்டைக்குத் தனியாக எடைப் பை வாங்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):

அனைவருக்கும் வணக்கம். முக்குளிப்புப் பயிற்சியை முடித்தபின் ஒருவர் பயன்படுத்திய மிதப்புச் சட்டையை (காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் நீருக்குள் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) வாங்கினேன். சட்டை நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் ஈயக் கட்டிகளை வைத்து இரு பக்கமும் செருக வேண்டிய எடைப் பைகள் இல்லை. எல்லாச் சட்டைக்கும் பொருந்தும் என்று சொல்லிக் கடையில் ஒரு சோடியைக் காட்டுகிறார்கள். சட்டையைச் செய்த நிறுவனத்தின் அசல் பையோ ஏறக்குறைய இரட்டிப்பு விலை. என் எடை 80 கிலோ. டர்பனுக்குத் தெற்கே கடலில் உள்ள அலிவால் பாறைத்திட்டில் 5 மி.மீ. தடிமனுள்ள முக்குளிப்பு உடுப்போடும் 12 லிட்டர் இரும்புச் சிலிண்டரோடும் இறங்கும்போது 8 கிலோ ஈயத்தை இடுப்புப் பட்டையில் கட்டிவந்தேன். எந்தப் பையை வாங்குவது? எட்டு கிலோவையும் அதிலேயே போடலாமா?

மறுமொழி (உம்கொமாஸ்):

தம்பி, அசல் பையையே வாங்குங்கள். நானும் ஒருமுறை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற பையை வாங்கினேன். சட்டையின் உறைக்கு அது இரண்டு விரல் அகலம் குறைவு, பிடித்துக்கொள்ள வெல்க்ரோ மட்டுமே இருந்தது. குளிர்காலத்தில், ராகி என்று நாம் அழைக்கும் சுறாக்கள் ஒதுங்கும் குகைக்குள் பார்ப்பதற்காக 18 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் குனிந்தபோது வலப்பக்கப் பை வழுக்கி விழுந்துவிட்டது. நான்கு கிலோ ஒரே நொடியில் போனதும் உடல் மேலே இழுக்கப்பட்டது; பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு சட்டையின் காற்றை வெளியேற்றினேன். துணைக்கு வந்தவர் என்னை விடாமல் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்திராவிட்டால் நிலைமை வேறாகியிருக்கும்.

எந்தப் பையானாலும் ஈயத்தை நிரப்பிச் செருகி, சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கிப் பாருங்கள். பிறகு கையுறை அணிந்து ஒரு கையால் இழுங்கள்; தானாக விழவும் கூடாது, ஒரே இழுப்பில் வராமல் இருக்கவும் கூடாது. செருகும்போது ‘டக்’ என்று பூட்டும் பக்கிள் உள்ளதே என் தேர்வு, ஏனெனில் இங்கே அலையைக் கடந்து படகு கிளம்பும்போது மணல் எங்கும் புகும், மணலும் நூல்பிசிறும் சேர்ந்த வெல்க்ரோவுக்குப் பிடி இருக்காது.

மறுமொழி (டர்பன்):

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: பைக்கு முன்னால் எடையை முடிவு செய்யுங்கள். இரும்புச் சிலிண்டரோடு 8 கிலோ எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. பயிற்சியின்போது கூடுதலாகக் கட்டியதை அப்படியே தொடர்கிறீர்கள் போலும். முக்குளிப்பின் முடிவில், சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கையில், மேலேறும் வழியில் மூன்று நிமிடம் நிற்கும் 5 மீட்டர் ஆழத்தில் சட்டைக் காற்று முழுவதையும் விட்டுவிட்டு அமைதியாக மூச்சுவிடுங்கள். மேலேறாமல் நிற்க முடிந்தால் எடை போதும். மூழ்கினால் அடுத்த முறை ஒரு கிலோ குறையுங்கள். முடிவில் சோதிப்பதற்குக் காரணம், 200 பாரில் உங்கள் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றே ஏறக்குறைய 3 கிலோ, அதில் பெரும்பகுதியைச் சுவாசித்துத் தீர்த்திருப்பீர்கள். நீச்சல் குளத்துக் கணக்கை நம்பாதீர்கள்; உப்புநீர் கூடுதலாக மிதக்கவைக்கும். உங்கள் உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், கடலில் குளத்தில் கட்டியதைவிட இரண்டரை கிலோ கூடுதலாக வேண்டும்.

எல்லாவற்றையும் முன்பைகளில் போடவேண்டாம். பின்புறம் சிலிண்டர்ப் பட்டையில் சிறிய பைகளைக் கோத்து ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வைத்தால் கால்கள் தாழாது. ஆனால் அவற்றை அவசரத்தில் கழற்ற முடியாது. ஆகவே, கழற்றிவிட்டால் நீர்ப்பரப்பில் மிதக்க உதவும் அளவு எடை கழற்றும் பைகளிலேயே இருக்கட்டும்.

மறுமொழி (மொரீசியஸ்):

இங்கே வெதுவெதுப்பான கடலில் 3 மி.மீ. உடுப்பும் அலுமினியச் சிலிண்டரும் வழக்கம். காற்று தீரத் தீர அந்தச் சிலிண்டரே மிதக்கத் தொடங்கும் என்பதால், ஊர் மாறினால் கணக்கும் மாறும். பையின் கைப்பிடித் தையலையும் பாருங்கள். சிறு படகில் ஏறும் முன் பைகளைத்தான் முதலில் மேலே நீட்டுவோம்; படகுக்காரர் பிடித்துத் தூக்குவது அந்தக் கைப்பிடியைத்தான்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஞாயிறன்று பழைய பட்டையோடு இறங்கி டர்பன் அக்கா சொன்னபடி சோதித்தேன். எட்டு கிலோவில் கல்லாக மூழ்கினேன். இரண்டாம் முறை ஆறு கிலோவோடு 5 மீட்டரில் மூன்று நிமிடமும் அசையாமல் நின்றேன். அசல் பைக்குச் சொல்லிவிட்டேன்: முன்னால் பக்கத்துக்கு இரண்டு கிலோ, பின்னால் ஒவ்வொன்று. வந்ததும் முதல் வேலை தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவதுதான்.