ஆபீசையும் நடத்திக்கொண்டு ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் வகுப்பு எடுக்கலாமா?

கேள்வி (மதுரை): சொந்தமாகச் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கல்லூரியில் வாரம் ஒரு நாள் டிசைன் ஸ்டுடியோ (பிள்ளைகளை வரையவைத்துத் திருத்தும் வகுப்பு) எடுக்கக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் பெரிதில்லை. முழுநேர ஆசிரியர்கள் இருக்கும்போது என்னால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

பதில் (திருச்சி): கட்டாயம் போங்கள் சார். நம் ஊரில் ஐந்து வருடம் பி.ஆர்க் பட்டம் முடித்துக் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தால் போதும், 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிவிடலாம். நடுவில் வேறு பரீட்சை கிடையாது. கல்லூரியில் கற்காததை வீடு கட்டுகிறவர் காசில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகள் ரெண்டரிங்கில் (கட்டடத்தை நிஜம்போல் படமாகக் காட்டுவதில்) அசத்துகிறார்கள். ஆனால் மாடிப்படிக்கு, குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷன் போட்டுப் பார்ப்பதில்லை. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் படி திரும்பும் நடு லேண்டிங் 1.5 மீட்டரில் வரும். அதில் ஸ்லாப் கனமும் போக, கீழே குனிந்துதான் நுழைய முடியும். பிளானில் அங்கேதான் டாய்லெட் கதவு இருக்கும்! சன்ஷேடு அடியில் ஏன் காடி (சின்னப் பள்ளக்கோடு) விடுகிறோம் என்றால் விழிக்கிறார்கள். அது இல்லாவிட்டால் மழைநீர் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரில் இறங்கிவிடும் என்று யாரும் காட்டியதில்லை.

ஆர்க்கிடெக்ட் பி.வி.தோஷி 1962இல் அகமதாபாத்தில் ஆர்க்கிடெக்சர் பள்ளி தொடங்கியபோது கைநிறைய வேலை வைத்திருந்தவர். 2018இல் ஆர்க்கிடெக்சரின் பெரிய விருதான பிரிட்ஸ்கரை வாங்கிய அவர், ஆபீஸ், பள்ளி இரண்டையும் பல வருடம் சேர்த்தே பார்த்தவர்.

ஒன்று மட்டும் சார். வரைந்ததை மதிப்பிடும் ஜூரி அன்றைக்கு மட்டும் வந்து ஷீட்டைக் கிழித்துப் பேசுவது பாடம் நடத்துவது ஆகாது. பிள்ளைகள் ட்ரேசிங் பேப்பரில் கிறுக்கும் முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்காருங்கள். காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சைட்டுக்குக் கூட்டிப் போங்கள். கம்பி, அதற்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கவர் பிளாக், கரண்டு பைப் எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

பதில் (முழுநேர ஆசிரியை, கோவை): சார் சொல்வது சரி. ஆனால் "சைட்டில் அவசரம்" என்று வராமல் போகிறவர்களின் வகுப்பை நாங்கள்தான் எடுக்கிறோம். நாளைக் குறித்தால் அந்த நாளை மதித்து வாருங்கள். கல்லூரிகளும் கௌரவமான சம்பளம் தர வேண்டும். இல்லாவிட்டால் யார் நிலைப்பார்கள்?

பதில் (நான்காம் ஆண்டு மாணவி): வாங்க சார். முடிந்தால் உங்கள் பில் ஆஃப் குவான்டிட்டீஸ் (எந்த வேலை எவ்வளவு, என்ன செலவு என்ற பட்டியல்) ஒன்றையும் கொண்டுவாருங்கள். நாங்கள் போடும் ஒரு கோட்டுக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று ஸ்டுடியோவில் யாரும் சொன்னதில்லை.