புதுப்பிப்பு: அந்தப் பழைய வீட்டைத் தட்டிப் பார்த்தாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மரங்கள் ஓங்கி வளர்ந்த பழைய குடியிருப்பில் 40 வருடத்துக்கு மேலான மாடியில்லாத வீடு, கூடத்துச் சுவரில் விரிசல், வாங்கலாமா, பிறகு மேலே மாடி எடுக்கலாமா என்று. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

நான் பயந்த விரிசல் வெறும் பூச்சில்தான், தலைமுடி அளவு. ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையோடு படிப்படியாக இறங்கியிருந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

உண்மையான சிக்கல் குளியலறைக் கூரை. அங்கே மட்டும் புது வெள்ளை பளிச்சென்று இருந்தது (அதுவே எனக்கு உறுத்தியது). பொறியாளர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். நடுவில் 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளங்கை அளவு காரையைப் பெயர்த்தால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்துத் தகடு தகடாக உரிகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

பாதி அறைகளில் எர்த் கம்பி இல்லை, இரும்புக் குழாய்களையும் மாற்ற வேண்டும். சரி, எதிர்பார்த்ததுதான். தெரு மட்டத்தைப் பார்க்கச் சொல்லி இங்கே பதில் எழுதியவருக்கு நன்றி: வீட்டுத் தரை தெருவைவிட அரை அடி தாழ்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வரலாம். நானாகக் கவனித்திருக்கவே மாட்டேன்.

மேலே மாடி எடுக்கலாமா என்பதற்குப் பதில் இல்லை. பழைய வரைபடம் கிடைக்கவில்லை. குழி தோண்டி அஸ்திவாரத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்கிறார் பொறியாளர். பழுதுச் செலவை விலையில் கழிக்கக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் யோசிக்கிறார்.