சிம் போட இடமில்லாத ஐபோன்

2011-இல் நான் நியூ ஜெர்சியில் இருந்தேன். 2007 ஜூன் 29-இல் முதல் ஐபோன் வந்ததிலிருந்து மூன்றரை வருஷம் அமெரிக்க செல்போன் கம்பெனிகளில் ஏடி அண்ட் டி மட்டும்தான் அதை விற்றது. எங்கள் வீட்டு லைன்கள் எல்லாம் இன்னொரு கம்பெனியான வெரைசானில். மாறுவதற்கு மனசில்லாமல் காத்திருந்தேன். 2011 பிப்ரவரி 10-இல் வெரைசானும் ஐபோன் 4-ஐ விற்க ஆரம்பித்ததும், இரண்டு வருட ஒப்பந்தத்தில் 200 டாலருக்கு வாங்கிவிட்டேன்.

அந்த டிசம்பரில் சென்னைக்குக் கிளம்பும்போது தம்பிக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஊரில் அப்போதுதான் 4எஸ் வந்திருந்தது, விலை 44,500 ரூபாயில் ஆரம்பம். அமெரிக்காவில் ஐபோன் 4, 8 ஜிபி, மனைவியின் லைனில் ஒப்பந்தத்தோடு 99 டாலர். லாபம் என்று நினைத்தேன்.

தம்பி எல்லாம் தயாராக வைத்திருந்தான். ஏர்டெல் மைக்ரோ சிம் வாங்கி, சிம் தட்டைத் திறக்க ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி மேஜைமேல் வைத்திருந்தான். பெட்டியைப் பிரித்தான். போனின் வலது ஓரத்தை விரலால் தடவினான். பிறகு இடது ஓரம், அப்புறம் மேலே, கீழே. "அண்ணா, ஓட்டையே காணோமே" என்றான். ஏடி அண்ட் டி போனில் வலது ஓரத்தில் சிம் தட்டு இருக்கும். இதில் வழவழவென்று வெறும் எஃகு.

காரணம் அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. செல்போன் சேவையில் அப்போது ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ என்று இரண்டு முறைகள் இருந்தன. அது சிடிஎம்ஏ போன். ஜிஎஸ்எம் போனில் நம் எண் சிம்மில் இருக்கும், சிம்மைக் கழற்றினால் வேறு போனில் போடலாம். சிடிஎம்ஏவில் போனின் அடையாள எண்ணையே கம்பெனி தன் கணக்கில் பதிந்து வைக்கும். அந்தக் கம்பெனி சேர்த்துக்கொண்டால்தான் போனுக்கு உயிர். ஊரிலும் சிடிஎம்ஏ சேவை இருந்ததே என்று விசாரித்துப் பார்த்தேன். வெளிநாட்டுப் போனைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டு வைஃபையில் பாட்டு கேட்டான், அக்கா மகளின் காதுகுத்துக்கு அதில்தான் படம் எடுத்தான். பேச மட்டும் பழைய நோக்கியா. ஒரே சட்டைப்பையில் இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் ஆபீஸ் கிளம்புவதைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த வருஷம் ஐபோன் 5 வந்தது. வெரைசானில் விற்றதிலும் சிம் தட்டு இருந்தது, வெளிநாட்டு ஜிஎஸ்எம் சிம்மை ஏற்காமல் தடுக்கும் கம்பெனி பூட்டும் இல்லை. கடையிலேயே பெட்டியைத் திறந்து ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தம்பிக்கு வாங்கினேன்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் சொன்ன ஐபோன் 5 வந்த நேரத்தில் நான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு நானோ சிம்தான் போடணும், ஆரம்பத்தில் அது கிடைப்பது கஷ்டம். ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கட்டர் இருக்கும், அதில் வைத்து அழுத்தினால் பெரிய சிம் சின்னதாகிவிடும். ஆனால் நானோ சிம் தடிமனும் குறைவு: 0.67 மில்லிமீட்டர். பழையது 0.76. அதனால் வெட்டியபின் பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்ப்போம். தகடு பக்கம் கை பட்டுவிடாமல் தேய்க்கணும். தட்டு சிக்காமல் உள்ளே போய் டவர் வந்ததும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கணுமே!

அமெரிக்காவிலிருந்து வந்த போன் என்றால் முதலில் என் கையிலிருந்த சிம்மைப் போட்டுப் பார்ப்பேன். கம்பெனி பூட்டு இருந்தால் வெட்டவே மாட்டேன். வெட்டின சிம் அவருடைய பழைய போனுக்கும் உதவாமல் போய்விடும்.

* * *

நான் கோயம்புத்தூர். மகள் டெக்சாஸிலிருந்து ஐபோன் 14 கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்துக் கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிம் போட இடமே இல்லைங்களே அம்மா" என்றான். முதலில் எழுதிய தம்பி சொன்ன கதைதான் எனக்கும் நடக்கப்போகிறது என்று பயந்துவிட்டேன். ஆனால் இது வேறு. 2022-இல் வந்த 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் இ-சிம், அதாவது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்.

மகள் முழுப் பணம் கொடுத்து, பூட்டு இல்லாததாக வாங்கியிருந்தாள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கணும். யாராவது அங்கிருந்து கொண்டுவருவதாகச் சொன்னால் இந்த வரியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

என் ஏர்டெல் எண்ணை இ-சிம்மாக மாற்றக் கேட்டோம். கியூஆர் கோடு மெயிலில் வந்தது, மகள் ஸ்கேன் செய்தாள். பழைய போனில் டவர் போய்விட்டது. இதிலும் வரவில்லை. இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் புதியதில் ஒரு கோடு, அப்புறம் இன்னொன்று. முதல் அழைப்பு என் அக்காவுக்கு.