பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் நடுவே சுரங்கம்: உண்டா, கதையா?

சோழநாட்டான்:
தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். ராஜராஜன் வெட்டியதாம், எதிரி கோட்டைக்குள் வந்துவிட்டால் அரச குடும்பம் தப்பிக்க. கும்பகோணம் பக்கத்தில் இருக்கிற பழையாறை வரைக்கும் போகிறது என்பவர்களும் உண்டு, அதை விடுங்கள், அரண்மனை வரைக்குமாவது இருந்திருக்கும். தொல்லியல் துறை இதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

கீழவாசல்காரன்:
ராஜராஜன் கோயிலை முடித்தது 1010இல். இப்போது நிற்கிற அரண்மனையை நாயக்கர்கள் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில், அதற்கப்புறம் மராட்டியர்கள் கட்டிச் சேர்த்தார்கள். ஐந்நூறு வருஷம் கழித்து எவனோ கட்டப்போகிற அரண்மனைக்கு ராஜராஜன் முன்கூட்டியே சுரங்கம் போட்டு வைத்தானா?

சோழநாட்டான்:
கிண்டல் வேண்டாம் சார். சோழர்களுக்கும் அங்கே அரண்மனை இருந்ததே? அதற்கு வெட்டியதை நாயக்கர்கள் நீட்டியிருக்கலாம்.

கீழவாசல்காரன்:
இருந்தது. எங்கே இருந்தது என்றுதான் இன்றைக்கும் இடம் காட்ட ஆளில்லை. 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் வந்து ஊரையே கொளுத்தினான், "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி" என்று அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அரண்மனை நின்ற இடமே தெரியாதபோது, அதற்குப் போன சுரங்கம் எந்தத் திசையில் போனது என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வல்லம் ரோடு:
மண்ணையும் கொஞ்சம் பாருங்கள். கோயிலுக்குக் கிழக்கே அகழி, அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறோம். வடக்கே சிவகங்கைக் குளம். அரண்மனை இருப்பது வடகிழக்கில், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, சுரங்கம் அகழிக்கு அடியிலோ குளத்துக்கு அடியிலோ போயாக வேண்டும். அதில் ஊறுகிற தண்ணீரை யார் இறைப்பது, அவ்வளவு தூரத்துக்குக் காற்று எந்த வழியாக வரும்? தீப்பந்தம் வேறு பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமாம்.

மேலவீதி:
வல்லத்துக்காரர் இப்படிச் சொல்லலாமா? உங்கள் பக்கமெல்லாம் செம்புராங்கல் பூமி, வெட்டினால் சரியாமல் நிற்கும். தஞ்சாவூர் டெல்டாவின் ஓரத்தில் இருக்கிற ஊர், முழுக்கக் களிமண் என்று நினைக்காதீர்கள். அத்தனை உயர விமானத்தை எழுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு பள்ளம் தோண்டத் தெரியாதா? அப்புறம் இன்னொன்று. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளையும் 2011க்கு முன்னால் பாட்டிக் கதை என்று சொன்ன ஆட்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி திறந்து பார்த்தபோது என்ன ஆனது? பி அறையை இன்னும் திறக்கவில்லை. திறக்கிற வரைக்கும் எல்லாம் கதைதான் ஐயா.

கீழவாசல்காரன்:
நிலவறை வேறு, சுரங்கம் வேறு. கோயில் சொத்தை வைக்க அடியில் ஓர் அறை கட்டுவது நடைமுறை, பத்மநாபசுவாமி கோயிலில் அந்த அறைகள் இருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உலகத்துக்குப் புதிது. ஊருக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் ஆள் நடக்கிற பாதை வெட்டி, அதை வெளியே தெரியாமல் பராமரிப்பது எங்கே, இது எங்கே. வெட்டுகிற கூலியாட்களின் வாயை எப்படி அடைத்தார்களாம்?

சரி, வரலாற்றுக்கே வருவோம். 1673இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. தஞ்சாவூரை ஆண்ட விஜயராகவ நாயக்கர் அந்தப்புரத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டு, தானே சண்டைக்கு இறங்கிச் செத்தார் என்றுதான் சொல்லப்படுகிறது. தப்பிக்க வழி இருந்த மனுஷன் தன் வீட்டுப் பெண்களை ஏன் வெடிமருந்துக்குக் கொடுக்கிறார்? சுரங்கம் தேவைப்பட்ட ஒரே நாளில் அது இல்லை.

மேலவீதி:
அந்தக் கதையின் மீதியையும் சொல்லுங்களேன்! செங்கமலதாசன் என்கிற நாயக்கர் வீட்டுக் குழந்தையை ஒரு தாதி தூக்கிக்கொண்டு நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள், அந்தப் பையனுக்காகத்தான் பிஜப்பூர் சுல்தானிடம் உதவி கேட்டு, அவருடைய மராட்டியத் தளபதி வெங்கோஜி படையோடு வந்து, கடைசியில் தானே தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். முற்றுகையில் இருக்கிற கோட்டைக்குள்ளிருந்து அந்தத் தாதி எப்படி வெளியே வந்தாள்?

கீழவாசல்காரன்:
வாசல் வழியாக. கோட்டை விழுகிற நேரத்தில் கைக்குழந்தையோடு போகிற வேலைக்காரியை எந்தச் சிப்பாய் நிறுத்துவான்? அவள் சுரங்கத்தில் போனாள் என்று எங்காவது இருந்தால் காட்டுங்கள்.

சிவகங்கைப் பூங்கா:
இரண்டு பேரும் தரைக்கு அடியில் உண்மையிலேயே இருப்பதை விட்டுவிட்டீர்கள். சேவப்பநாயக்கன் ஏரியில் சேரும் மழைத்தண்ணீர் நிலத்தடி வாய்க்கால் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து ஊருக்குள் அய்யன்குளத்துக்கும் போகும். ஜலசூத்திரம் என்பார்கள். ரொம்பக் காலம் தூர்ந்து கிடந்தது, ஸ்மார்ட் சிட்டி வேலையில் சுத்தம் செய்து மறுபடி அய்யன்குளத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். கோயிலை ஒட்டிய குளத்திலிருந்து ஊருக்குள் பூமிக்கு அடியில் ஒரு வழி, இதை எட்டிப் பார்த்த யாரோ ஒருத்தர் போதும், சுரங்கக் கதை கிளம்ப.

ரகசியப் பாதைதான் வேண்டுமென்றால் கோயில் கருவறைச் சுவரிலேயே இருக்கிறது. இரட்டைச் சுவர், நடுவில் ஒடுங்கிய இருட்டு நடை. அங்கேதான் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தார்கள். மேல் தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 செதுக்கியிருக்கிறது, மீதிக்குக் கல் அப்படியே விட்டுவிட்டார்கள். பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. உள்ளதைத் திறந்து காட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்பதில்லை, இல்லாத சுரங்கத்துக்குத்தான் இத்தனை சண்டை.

சோழநாட்டான்:
வாய்க்கால் இருப்பதால் சுரங்கம் இல்லை என்று ஆகிவிடாதே. கீழடியில் ரேடார் வைத்துப் பார்த்த மாதிரி இங்கேயும் பார்க்கட்டும்.

வல்லம் ரோடு:
பார்க்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரேடாரில் ஒரு வெற்றிடம் தெரிந்தால் அது சாக்கடையா, வாய்க்காலா, பழைய கிணறா என்று தோண்டித்தான் சொல்ல முடியும். மேலே கடை போட்டிருப்பவர்களிடம் அதைக் கேட்க நீங்கள் வருகிறீர்களா?

மேலவீதி:
என் கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். தேதி சொல்லுங்கள்.